நொய்யலைத் தூய்மைப்படுத்தி அதன் கரையை ஊருக்குத் திருப்பித் தருவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

கொங்கு நாட்டின் பெரிய ஊர்கள் எல்லாம் ஏதேனும் ஒரு நீரோட்டத்தைப் பற்றிக்கொண்டு வளர்ந்தவை. கோவைக்கும் திருப்பூருக்கும் நொய்யல், கரூருக்கு அமராவதி, சேலத்துக்குத் திருமணிமுத்தாறு, ஈரோட்டுக்குக் காவிரியோடு பெரும்பள்ளம் ஓடை. ஒரு காலத்தில் ஊரின் முகப்பாக இருந்த கரைகள் பின்னாளில் கொல்லைப்புறமாயின. வீடுகளும் பட்டறைகளும் ஆற்றுக்கு முதுகைக் காட்டி எழுந்தன. அவற்றின் குழாய்கள் மட்டும் ஆற்றை நோக்கி நீண்டன. இப்போது அதே கரைகளில் நடைபாதை, பூங்கா, படகுத்துறை, உணவகங்கள் வேண்டும் என்ற விருப்பம் எல்லா ஊர்களிலும் எழுந்திருக்கிறது. அது நல்ல விருப்பம்தான். ஆனால் வேலை தொடங்கும் வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது: முதலில் கரையில் கல் பதிக்கிறோம், விளக்குக் கம்பம் நடுகிறோம், அதன்பிறகு தண்ணீர் ஏன் நாறுகிறது என்று கேட்கிறோம்.

இந்த வழிகாட்டி மாமன்ற உறுப்பினர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தினர், விவசாய சங்கத்தினர், இளம் பொறியாளர்கள் ஆகியோருக்காக எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டு முழுவதும் நொய்யலிலிருந்தே வரும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர், கோவை, சூலூர், திருப்பூர் வழியாக நான்கு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே தாங்கிய ஊரருகே காவிரியில் சேரும் இந்த ஆற்றுக்கு வந்த வீட்டுச் சாக்கடை, சாயக்கழிவு என்ற இரண்டு நோய்களையும் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் இந்நாட்டின் வேறு எந்த ஆற்றிலும் வேலை செய்யலாம்.

1. ஆற்றை நடந்து பாருங்கள், ஓடைகளைப் பட்டியலிடுங்கள்

முதல் வேலைக்குப் பணம் வேண்டியதில்லை. கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு, நகர எல்லைக்குள் ஆறு நுழையும் இடத்திலிருந்து வெளியேறும் இடம்வரை இரு கரையிலும் நடக்க வேண்டும். கோடையில் நடப்பது நல்லது. ஏனென்றால் மழையில்லாத காலத்தில் ஆற்றில் ஓடுவது எதுவாயினும் அது யாரோ ஒருவர் வெளியேற்றியதே. ஆற்றில் சேரும் ஒவ்வொரு ஓடை, பள்ளம், வாய்க்கால், மழைநீர் வடிகால், தனிக்குழாய் ஆகியவற்றுக்கு எண் கொடுத்து, இடம், அகலம், நிறம், வாடை, நுரை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் இப்படி நடப்பவர் ஆற்றைவிட ஜம்மனை ஓடை, சங்கிலிப்பள்ளம் போன்ற ஓடைகளில்தான் அதிக நேரம் செலவிட வேண்டியிருக்கும். நகரின் கழிவு நேராக ஆற்றுக்கு வருவது குறைவு. நூறு சிறு பள்ளங்கள் வழியாகத்தான் வருகிறது. ஆற்றங்கரையில் மட்டும் நின்று திட்டம் தீட்டுவோருக்கு இந்தப் பள்ளங்கள் கண்ணில் படுவதில்லை.

கோவைப் பகுதியில் பழைய அணைக்கட்டுகளையும் குளங்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். நொய்யலின் குறுக்கே 32 அணைக்கட்டுகளும் அவற்றால் நிரம்பும் 40 குளங்களும் இருந்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. சித்திரைச்சாவடி, குனியமுத்தூர் போன்ற அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் வாய்க்கால்கள்தான் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, உக்கடம் பெரியகுளம், குறிச்சிக் குளம் போன்றவற்றை நிரப்பின. ஆறும் குளமும் ஒரே உடம்பு. ஒன்றைச் சுத்தம் செய்து மற்றொன்றை விட்டுவிட்டால், விட்ட இடத்திலிருந்து கழிவு திரும்பி வரும்.

2. அளந்து பாருங்கள்: எவ்வளவு, எப்போது, என்ன

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொரு ஓடையிலும் ஓடும் நீரின் அளவைக் கணக்கிட வேண்டும். இதற்கு ஒரு நாடாவும் கைக்கடிகாரமும் மிதக்கும் சிறு கட்டையும் போதும். நேராக ஓடும் பத்து மீட்டர் நீளத்தைத் தேர்ந்து, கட்டை அதைக் கடக்கும் நேரத்தைக் குறித்தால் மேற்பரப்பின் வேகம் கிடைக்கும். அடியில் வேகம் குறைவு என்பதால் அதை 0.85 ஆல் பெருக்க வேண்டும். ஓர் ஓடை 3 மீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் ஆழமும் உடையது, மேற்பரப்பு நீர் நொடிக்கு 30 சென்டிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 0.153 கன மீட்டர், அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 கோடியே 32 லட்சம் லிட்டர் அதில் ஓடுகிறது. பார்ப்பதற்கு முழங்காலும் நனையாத அந்த ஓடை சுமப்பது எவ்வளவு என்று இப்போது பாருங்கள்: நகரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்குவது என்பது இந்திய அளவுகோல், அதில் 80 விழுக்காடு கழிவுநீராகிறது என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. அப்படியானால் ஆளுக்கு 108 லிட்டர். நம் ஓடை ஏறத்தாழ 1 லட்சத்து 22 ஆயிரம் பேரின் கழிவுநீருக்குச் சமம்.

அந்த ஓடையின் பின்னாலுள்ள தெருக்களில் அவ்வளவு பேர் வசிக்கவில்லை என்றால், மிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி தானாக எழும். அந்தக் கேள்விதான் இந்த அளவீட்டின் பயன்.

அடுத்தது தரம். நான்கு அளவுகள் தவறாமல் வேண்டும். நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன்; அழுகும் கழிவின் சுமையைக் காட்டும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது பி.ஓ.டி.; மலக்கழிவுக் கிருமிகளின் எண்ணிக்கை; கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவான டி.டி.எஸ். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோலின்படி மக்கள் இறங்கிக் குளிக்கத்தக்க நீரில் லிட்டருக்குக் கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பி.ஓ.டி. 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பி.ஓ.டி. 30 மில்லிகிராமைத் தாண்டிய ஆற்றுப் பகுதியை வாரியம் மிக மோசமான முதல் வகுப்பில் வைக்கிறது. சுத்திகரிக்காத வீட்டுக் கழிவுநீரில் அது 200க்கும் மேல் இருக்கும். மேலே சொன்ன ஓடையில் 200 என்று கொண்டால், ஒரே நாளில் 2,600 கிலோவுக்கு மேற்பட்ட பி.ஓ.டி. சுமையை அது ஆற்றில் கொட்டுகிறது.

ஒரு முறை பகலில் மாதிரி எடுத்துவிட்டு ஆய்வு முடிந்தது என்று சொல்வது பெரும் பிழை. ஒவ்வொரு முக்கிய ஓடையிலும் ஒரு முழு நாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அளக்க வேண்டும். டி.டி.எஸ். மீட்டர் சட்டைப் பையில் அடங்கும் கருவி. குறைந்த விலையில் கிடைக்கிறது. பள்ளி மாணவரும் பயன்படுத்தலாம். வீட்டுக் கழிவு காலையிலும் மாலையிலும் உயரும். பின்னிரவு இரண்டு மணிக்கு உப்பு திடீரென்று ஏறினால் அது எந்த வீட்டிலிருந்தும் வந்ததாக இராது. திருப்பூரில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பட்டறைகள் பல நாள் மூடியிருக்கும். தொழிலாளர்கள் சொந்த ஊர் சென்றுவிடுவார்கள். அந்த நாட்களில் அளப்பதும், பட்டறைகள் திறந்த பின் மறுபடி அளப்பதும் எந்த ஆய்வுக்கூடமும் தர முடியாத ஒப்பீட்டைத் தரும். ஞாயிறையும் செவ்வாயையும் ஒப்பிடுவதும் அப்படியே.

3. இரண்டு நோய்களையும் குழப்பாதீர்கள்

நொய்யலில் நடந்த தவறுகள் பலவற்றுக்குக் காரணம், சாக்கடையையும் சாயக்கழிவையும் ஒன்றாக எண்ணியதே. வீட்டுக் கழிவு அழுகும் பொருள். காற்றும் நுண்ணுயிரும் நேரமும் கொடுத்தால் அது சிதைந்துவிடும். சாயக்கழிவின் பெரும்பகுதி உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்காகப் பட்டறைகள் சாதாரண உப்பையோ சோடியம் சல்பேட்டையோ மூட்டை மூட்டையாகக் கொட்டுகின்றன. சாயம் துணியில் ஏறிக்கொள்ளும். உப்பு முழுவதும் தண்ணீரிலேயே தங்கும். நிறத்தை நீக்கிவிடலாம். உப்பு எந்தச் சாதாரணக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலும் குறையாது. ஆற்றில் நூறு கிலோமீட்டர் ஓடினாலும் குறையாது.

இதற்கு ஒரத்துப்பாளையம் சாட்சி. சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே கட்டப்பட்டு 1992ல் பயன்பாட்டுக்கு வந்த அணை அது. கீழேயுள்ள வயல்களுக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் தொட்டியாயிற்று. மீன்கள் செத்து மிதந்தன, சுற்றிலும் கிணறுகள் உப்பேறின, அணையின் நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று பாசன விவசாயிகளே போராடும் நிலை வந்தது. தண்ணீருக்காகப் போராடிப் பழகிய கொங்கு நாட்டில், தண்ணீர் வேண்டாம் என்று உழவர் போராடியதைவிட வேதனையான காட்சி வேறில்லை. அந்த அணைக்கரையில் நின்ற நாளில், கண்ணுக்குத் தெளிவாக இருந்த தண்ணீரைக் காட்டி அங்கிருந்த முதியவர் ஒருவர், "நெறமெல்லாம் போயிருச்சுங்க, ஆனா தென்னைக்குப் பாய்ச்சுனா ஓலை கருகுதுங்க" என்றார். இந்தப் படி முழுவதையும் அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

ஆகவே ஒவ்வோர் ஓடையின் முன்னும் இரண்டு எண்கள் எழுதப்பட வேண்டும்: ஒன்று பி.ஓ.டி., மற்றொன்று டி.டி.எஸ். முதலாவது மட்டும் அதிகமென்றால் நான்காம் படி. இரண்டாவதும் அதிகமென்றால் ஐந்தாம் படி இல்லாமல் நான்காம் படியில் செலவிடும் பணம் வீண்.

4. வீட்டுக் கழிவை நிறுத்துதல்

பாதாள சாக்கடைத் திட்டங்களில் பெரும்பணம் குழாய் பதிப்பதற்கும் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதற்கும் போகிறது. அவற்றுக்கு இடையிலுள்ள கடைசிப் பத்து மீட்டர், அதாவது வீட்டிலிருந்து தெருக்குழாய்க்குப் போகும் இணைப்பு, வீட்டுக்காரரின் பொறுப்பு என்று விடப்படுகிறது. வைப்புத்தொகையும் குழாய்ச் செலவும் கட்ட முடியாத வீடுகள் பழையபடி மழைநீர் வடிகாலிலேயே கழிவை விடுகின்றன. கோவையில் உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டரும் ஒண்டிப்புதூரில் 6 கோடி லிட்டரும் கையாளும் திறனுடைய நிலையங்கள் கட்டப்பட்டன. நிலையத்தின் திறன் எவ்வளவு என்று கேட்பவர், அதற்குள் நாள்தோறும் உண்மையில் நுழைவது எவ்வளவு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். என் கருத்தில், வீட்டு இணைப்பைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிட்டு, தொகையைச் சொத்துவரியோடு சிறு தவணைகளில் வசூலிப்பதே சரி.

பாதாள சாக்கடை எட்டாத புறநகர்களில் செப்டிக் டேங்க் உண்டு. அதை உறிஞ்சும் லாரி உண்டு. லாரி எங்கே கொட்டுகிறது என்பதுதான் தெரியாது. கொட்டுவதற்கு அருகில் சட்டப்படியான இடம் இல்லாதபோது அது இரவில் ஓடையில் கொட்டும். கோவைக்கு வடக்கே பெரியநாயக்கன்பாளையம் பகுதியில் செய்ததுபோல், லாரிக் கழிவை வாங்கிச் சுத்திகரிப்பதற்கென்றே நிலையம் அமைத்து, லாரிகளுக்கு உரிமமும் இடங்காட்டும் கருவியும் கட்டாயமாக்க வேண்டும். தொட்டிக்குள் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம் என்பதை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் எழுத வேண்டும். ஆறு தூய்மையாவதற்காக ஓர் உயிரும் போகக் கூடாது.

இவை முடியப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை, ஓடை ஆற்றில் சேரும் இடத்துக்குச் சற்று முன்பாக ஒரு தாழ்வான தடுப்பு கட்டி, கோடைக்காலக் கழிவோட்டத்தைக் கரையோரப் பெருங்குழாய்க்குத் திருப்பலாம். மழைக்காலத்தில் வெள்ளம் தடுப்பின் மேல் வழிந்து ஆற்றுக்குப் போகும். இது பல ஊர்களில் பயன்படும் நல்ல இடைக்கால ஏற்பாடு. ஆனால் இதையே இறுதித் தீர்வாக்கினால் அந்த ஓடை என்றைக்கும் சாக்கடையாகவே நின்றுவிடும். மேலும் கரையோரக் குழாய் அடைத்துக்கொண்டாலோ நீரேற்று மோட்டார் நின்றாலோ மொத்தமும் ஒரே இடத்தில் ஆற்றுக்குள் பாயும். ஆகவே குழாய்க்கும் மோட்டாருக்கும் மாற்று மின்சாரம் வேண்டும்.

நாணலும் கோரையும் வளர்த்து நீரைச் சுத்தம் செய்யும் முறையைப் பலர் எளிய மாற்றாகச் சொல்கிறார்கள். எனக்கும் அது பிடித்த முறைதான், ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆளுக்கு 2 சதுர மீட்டர் என்று வைத்தாலும் ஒரு லட்சம் பேருக்கு 20 ஹெக்டேர், ஏறக்குறைய 50 ஏக்கர் வேண்டும். நகருக்குள் அந்த நிலம் கிடைக்காது. சிறு குடியிருப்புகளுக்கும், சுத்திகரித்த நீரைக் குளத்தில் விடுமுன் கடைசியாக வடிப்பதற்கும் அது பொருந்தும்.

5. சாயக்கழிவை நிறுத்துதல்

இதில் திருப்பூர் கடந்த பாதையை அறியாமல் யாரும் திட்டம் போடக் கூடாது. 1996ல் வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே அதன் இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அந்த ஆற்றுப் பாசன நிலத்தவர்கள், தொடுத்த வழக்கில் 2006ல் சென்னை உயர் நீதிமன்றம், சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேற்றாத ஜீரோ டிஸ்சார்ஜ் நிலையை அடைய வேண்டும் என்று காலக்கெடு விதித்தது. 2009ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கெடு கடந்தும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. பல்லாயிரம் பேர் வேலை இழந்தனர். அந்த வலியிலிருந்துதான் இன்றைய முறை பிறந்தது.

அந்த முறை இப்படி இயங்குகிறது. கழிவுநீரை நுண்ணுயிர்களால் பதப்படுத்தி, வடிகட்டி, சவ்வூடு பரவல் முறையில், நாம் ஆர்.ஓ. என்று சொல்லும் அதே முறையில், பல கட்டங்களாக அழுத்திச் செலுத்தினால் பெரும்பகுதி நல்ல நீராகப் பட்டறைக்கே திரும்புகிறது. மிஞ்சும் அடர்ந்த உப்புக்கரைசலின் ஒரு பகுதியைச் சாயமிடுதலுக்கே மறுபடி பயன்படுத்தலாம். மற்றதை ஆவியாக்கி உப்பைத் திடப்பொருளாக எடுக்க வேண்டும். ஆவியாக்குவதற்கு எரிபொருள் வேண்டும், அதுதான் செலவு, அதுதான் ஏமாற்றுவதற்கான தூண்டுதலும்.

ஒரு பட்டறை லிட்டருக்கு 6 கிராம் உப்புள்ள கழிவில் ஒரு லட்சம் லிட்டரை மழையிரவில் ஓடைக்குள் திறந்துவிட்டால் 600 கிலோ உப்பு, 50 கிலோ மூட்டையில் 12 மூட்டை, ஆற்றுக்குள் போகிறது. ஒரே ஒரு பட்டறையின் ஒரே ஓர் இரவு அது. ஆகவே கண்காணிப்பு பட்டறையின் வாசலில் நின்றால் போதாது. ஓடையின் ஒவ்வொரு கிளை சேரும் இடத்திலும் நீரில் உப்பு ஏறினால் உயரும் மின்கடத்துதிறனைத் தொடர்ந்து பதிவுசெய்யும் கருவி வேண்டும். எந்தக் கிளையில் ஏறியது என்று தெரிந்தால் தேட வேண்டிய பட்டறைகள் நாற்பதிலிருந்து நான்காகக் குறையும். அந்தப் பதிவுகள் பொதுமக்களுக்கும் திறந்திருக்க வேண்டும்.

பட்டறையின் தண்ணீர்க் கணக்கைச் சரிபார்ப்பது இன்னும் எளிய வழி. எத்தனை கிலோ துணிக்குச் சாயமிட்டார்கள், எத்தனை மூட்டை உப்பு வாங்கினார்கள், எவ்வளவு மின்சாரம் செலவானது, எவ்வளவு திட உப்பு வெளிவந்தது என்ற நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். உப்பு வாங்கிய ரசீது இருக்கிறது, வெளிவந்த உப்பு இல்லை என்றால் அது எங்கே போயிற்று என்று கேட்க ஆற்றங்கரைக்குப் போக வேண்டியதில்லை.

ஓர் இடத்தில் கெடுபிடி கூடும்போது பட்டறைகள் அடுத்த ஆற்றுப் படுகைக்கு இடம் மாறும். நொய்யலைக் காப்பாற்றப் பவானியையோ காவிரியையோ பலியிட்டதாக ஆகிவிடக் கூடாது. இந்த இடத்தில் ஈரோட்டின் அனுபவம் பாடம் தருகிறது. 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்காலில் கழிவு கலக்காமலிருக்க, அதன் பக்கத்திலேயே கழிவைக் கொண்டுசெல்லப் பேபி வாய்க்கால் கட்டினார்கள். பாசன நீரைக் காக்க அது உதவும். கழிவு இல்லாமல் போய்விடாது, வேறிடத்துக்குப் போகும். கழிவைத் திருப்பிவிடுவதை எந்தத் திட்ட அறிக்கையிலும் சுத்திகரிப்பு என்ற தலைப்பின்கீழ் எழுத அனுமதிக்காதீர்கள்.

6. குப்பை, வண்டல், ஆகாயத்தாமரை

ஓடைகளில் வலைத்தடுப்பு அமைத்துக் குப்பையை வாரம் இருமுறை அள்ளுவதும், பாலங்களின் இருபுறமும் உயரமான கம்பிவலை இடுவதும் எளிய வேலைகள். இறைச்சிக் கடைகளின் கழிவுக்குத் தனி வண்டி வேண்டும்.

வண்டலைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. குளத்து வண்டலைத் தோட்டத்துக்கு ஓட்டுவது நம் மரபு. பல ஆண்டு சாயமும் உலோகப் பூச்சுப் பட்டறைக் கழிவும் படிந்த வண்டலை அப்படி ஓட்டினால், ஆற்றின் நோயை நிலத்துக்கு மாற்றியதாகும். ஒவ்வொரு பகுதியிலும் மாதிரி எடுத்துக் குரோமியம், ஈயம், காட்மியம் போன்றவற்றைச் சோதித்த பிறகே எங்கே கொண்டுபோவது என்று முடிவெடுக்க வேண்டும். கழிவு நிற்பதற்கு முன் தூர்வாருவது பணத்தைத் தண்ணீரில் போடுவதாகும். ஆகாயத்தாமரையும் அப்படித்தான்: நீரில் கழிவின் சத்து இருக்கும்வரை அள்ள அள்ள வளரும்.

7. ஆற்றில் ஓடுவதற்குத் தண்ணீர்

கழிவை முழுதும் நிறுத்திவிட்டால் கோடையில் நொய்யலில் ஓட என்ன இருக்கும் என்பது நேர்மையான கேள்வி. நொய்யல் பருவமழை ஆறு. மலையில் மழை இல்லாத மாதங்களில் அது ஓடாதிருந்ததும் உண்டு. அகமதாபாத்தின் சபர்மதிக் கரையை முன்மாதிரியாகக் காட்டுவோர், அங்கே நகருக்குள் தெரியும் நீர் நர்மதைக் கால்வாயிலிருந்து வருவது என்பதையும், வாசணா தடுப்பணைக்குக் கீழே அதே ஆறு கடுமையாக மாசுபட்டிருப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நமக்கு நர்மதை இல்லை. அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தில் பவானியின் உபரிநீர் 1,045 குளங்குட்டைகளுக்கு வருகிறது. பல்லாண்டுக் காத்திருப்புக்குப் பின் 2024ல் வந்த அந்த நீர் நிலத்தடி நீருக்காகவும் ஆடுமாடுகளுக்காகவும் வந்தது. படகு விடுவதற்காக அதைக் கேட்பது அறமாகாது.

நமக்கென்று உள்ளது சுத்திகரித்த நீர்தான். கழிவு முழுவதையும் நகரின் கிழக்குக் கோடிக்கு இழுத்துச் சென்று ஒரே நிலையத்தில் சுத்திகரித்தால் நகருக்குள் ஆறு காய்ந்துகிடக்கும். சிறு நிலையங்களை ஓடைகளின் தலைப்பகுதியிலேயே அமைத்தால், சுத்தமான நீர் அந்த ஓடை வழியாகவே ஆற்றுக்கு வரும். அந்த நீரில் எவ்வளவு தொழிற்சாலைக்கு, எவ்வளவு ஆற்றுக்கு என்று தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். மழைநீருக்கு மேற்கிலுள்ள வாய்க்கால்களையும் மதகுகளையும் சரிசெய்து குளங்களை நிரப்ப வேண்டும்; நிரம்பிய குளங்கள் நிலத்தடியில் கசிந்து ஆற்றுக்குப் பல வாரங்கள் ஊற்றுநீர் தரும். கோடையில் சில இடங்களில் மணல் மட்டும் தெரியும் என்றால் தெரியட்டும். தூய்மையான மணலாறு கறுப்பு நீரோட்டத்தைவிட மேலானது. குழந்தைகள் அதில் விளையாடலாம்.

8. எல்லையும் கரையில் வாழ்வோரும்

வருவாய்த்துறை, நீர்வளத்துறை, மாநகராட்சி மூன்றும் சேர்ந்து பழைய ஆவணங்களின்படி ஆற்றின் எல்லையை அளந்து கல் நட வேண்டும். ஆக்கிரமிப்பு என்றதும் குடிசைகளைப் பார்ப்பது நம் வழக்கமாகிவிட்டது. புறம்போக்கில் நிற்கும் தொழிற்கூடம், திருமண மண்டபம், அரசுக் கட்டடம் ஆகியவையும் அதே பட்டியலில், அதே எழுத்தளவில் இருக்க வேண்டும்.

ஓடையோரத்தில் வாழ்வது ஆபத்து என்பதில் ஐயமில்லை. 2011 நவம்பரில் திருப்பூரில் திடீர் வெள்ளம் ஓடையோரக் குடியிருப்புகளை அடித்துச் சென்றதில் பலர் உயிரிழந்தனர். ஆனால் இடம் மாற்றும்போது அந்தக் குடும்பங்களை வேலையிடத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடியில் வைத்தால், பனியனில் பிசிறு வெட்டும் வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பேருந்துச் செலவே கூலியின் பெரும்பங்காகிவிடும். மூன்று கிலோமீட்டருக்குள் வீடு, பள்ளி மாற்றம் கல்வியாண்டின் முடிவில், புது வீட்டின் சாவி கையில் கிடைத்த பிறகே பழைய வீட்டின் இடிப்பு: இந்த மூன்றையும் எழுத்தில் தராத திட்டத்துக்குக் குடியிருப்போர் கையெழுத்திடக் கூடாது. 1977 முதல் 1987 வரை பத்தாண்டுகளில் தன் ஆற்றைத் தூய்மைப்படுத்திய சிங்கப்பூர், கரைவாழ் மக்களுக்கும் தெருவோர வணிகர்களுக்கும் மாற்றிடம் தந்துதான் அதைச் செய்தது.

9. இப்போது கரையைத் தொடலாம்

கரை வடிவமைப்பில் முதல் விதி, ஆற்றின் அகலத்தைக் குறைக்காதிருத்தல். செங்குத்தான கான்கிரீட் சுவர் இருபுறமும் எழுப்பி நடுவில் வாய்க்காலாக்கினால் வெள்ளம் வேகமெடுத்து அடுத்த பாலத்தில் முட்டும். சரிவான கரை, அடியில் கல் அடுக்கு, மேலே வெட்டிவேரும் நொச்சியும், அதற்கும் மேலே மருதும் நாவலும் புங்கனும் என்று அமைத்தால் மண்ணும் நிற்கும், நிழலும் கிடைக்கும். நடைபாதையை இரண்டு மட்டங்களில் அமைக்கலாம். கீழ்ப்பாதை மழைக்காலத்தில் மூழ்குவதற்கென்றே கட்டப்பட்டது என்று பலகை வைத்துவிட வேண்டும். ஆற்றுப் படுகையில் சிமென்ட் கூடவே கூடாது. நீர் நிலத்துக்குள் இறங்குவது அந்தப் படுகை வழியாகத்தான்.

இரண்டாவது, ஏற்கெனவே கரையைப் பயன்படுத்துவோருக்கே முதலிடம். பேரூர்ப் படித்துறையில் ஆடி அமாவாசைக்கும் ஆடிப்பெருக்குக்கும் வருவோர், துணி வெளுப்போர், மீன் பிடிப்போர், மாடு ஓட்டிவருவோர் ஆகியோருக்கான இறங்குமிடங்களை வரைபடத்தில் குறித்த பிறகே உணவகத்துக்கு இடம் தேட வேண்டும். நுழைவுக் கட்டணமும் பூட்டிய கதவும் வந்த கரை ஊருக்குத் திரும்பிய கரை ஆகாது.

மூன்றாவது, சில இடங்களை மனிதர் தொடாமல் விடுதல். சிங்காநல்லூர்க் குளமும், 2024ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற திருப்பூர் நஞ்சராயன் குளமும், கழிவின் நடுவிலும் பறவைகள் எவ்வளவு பொறுமையோடு காத்திருக்கின்றன என்பதைக் காட்டுகின்றன. அங்கெல்லாம் இரவு விளக்கும் ஒலிபெருக்கியும் வேண்டாம்.

10. நடத்துவதற்கான பணம்

கட்டுவதற்கு நிதி கிடைத்துவிடும், நடத்துவதற்குத்தான் கிடைக்காது. சுத்திகரிப்பு நிலையத்தின் மின்கட்டணம், வேதிப்பொருள், ஆட்கள், கசடு அகற்றல் ஆகியவற்றுக்குப் பதினைந்து ஆண்டுச் செலவைக் கணக்கிட்டு, கட்டுமான ஒப்பந்தத்தோடு பராமரிப்பையும் ஒரே நிறுவனத்திடம் தந்து, வெளிவரும் நீரின் தரத்துக்கேற்பவே பணம் வழங்க வேண்டும். ஆறு தூய்மையானால் கரையோர மனைகளின் விலை ஏறும். அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை மேம்பாட்டுக் கட்டணமாக வாங்கித் தனிக் கணக்கில் போடுவது நியாயம். பொதுப்பணத்தில் நிகழ்ந்த மாற்றத்தின் பலன் முழுவதும் மனை வணிகருக்கே போகக் கூடாது. அபராதத் தொகையும் அதே கணக்குக்கு வரட்டும்.

11. திறப்பு விழாவுக்கு முந்திய சோதனை

நாள் குறிக்கும் முன், ஓராண்டு முழுவதும், மாதந்தோறும், நகர எல்லைக்குள் அல்லாமல் எல்லையைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர் கீழே ஆற்றுநீரை அளக்க வேண்டும். ஆற்றில் நீர் உள்ள மாதங்களில் பி.ஓ.டி. குளிக்கத்தக்க அளவை நெருங்கியிருக்க வேண்டும். டி.டி.எஸ். லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வெளியேற்ற வரம்புக்குள் இருந்தால் போதும் என்று நிறைவடையக் கூடாது. 2,000ஐத் தாண்டிய நீர் பெரும்பாலான பயிர்களுக்குக் கடுமையான தீங்கு என்பது வேளாண் அறிஞர்களின் கணக்கு. நகருக்குள் நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் உப்பில் உள்ள வேறுபாட்டையே பார்க்க வேண்டும்.

கூடவே ஆயக்கட்டில் இருபது கிணறுகளைத் தேர்ந்து ஆண்டுக்கு இருமுறை, சித்திரையிலும் மார்கழியிலும், சோதிக்க வேண்டும். ஆறு ஓராண்டில் தெளியலாம். பாறைப் பிளவுகளில் தேங்கிய உப்பு பல மழைக்காலங்கள் கழிந்தே வெளியேறும். திறப்பு விழா மேடையில் இருக்கை போடும்போது முதல் வரிசையில் அந்த இருபது கிணற்றுக்காரர்களை அமர்த்தி, அவரவர் கிணற்றின் அளவுகளை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். அளவு குறையாத கிணறு ஒன்று இருந்தாலும், அதற்கு மேலே உள்ள ஓடையில் மறுநாள் இரவிலிருந்து மீண்டும் இரண்டாம் படியைத் தொடங்க வேண்டும்.